உடையும் சாமான்களை எதில் கட்டுவது, யார் கட்டுவது: ஆறு முறை வீடு மாறியதில் தெரிந்துகொண்டது

வீடு மாற்றும் தேதி உறுதியானதும் பெரும்பாலானவர்கள் முதலில் யோசிப்பது பப்பிள் ராப் எத்தனை சுருள் வாங்குவது என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இதுவரை ஆறு முறை மாறியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கட்டும் விதத்தை மாற்றிப் பார்த்திருக்கிறேன், சில முறை ஒரு டம்ளர்கூட உடையாமல் வந்து சேர்ந்தது, சில முறை பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. இத்தனைக்கும் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளை எதில் சுற்றினோம் என்பதைவிட, பெட்டிக்குள் அது அசைய இடம் இருந்ததா என்பதே முக்கியம். கீழே ஒப்பிடும் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இது எனக்குப் புரிந்தது பாட்டி கொடுத்த பீங்கான் ஜாடியை இழந்த பிறகு. பப்பிள் ராப்பில் மூன்று சுற்றுச் சுற்றி, டேப் போட்டு, ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் இஸ்திரிப் பெட்டியோடும் சில புத்தகங்களோடும் சேர்த்து வைத்தேன். மேலே ஒரு சாண் இடம் காலியாகவே கிடந்தது. இவ்வளவு சுற்றியிருக்கிறோமே, என்ன ஆகிவிடப் போகிறது என்று மூடிவிட்டேன். வண்டி ஓடிய நேரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி அந்த ஜாடியை இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடித்து ஒரு பக்கம் வெறும் பிளாஸ்டிக் தாளாகிப் போயிருந்தது, ஜாடியும் சரியாக அந்தப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. அதே பயணத்தில், பப்பிள் ராப் தீர்ந்துபோனதால் கசக்கிய தாளை மட்டும் திணித்து இறுக்கமாக மூடிய இன்னொரு பெட்டியில் பன்னிரண்டு மெல்லிய கண்ணாடி டம்ளர்களும் முழுதாக வந்தன.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை யாரும் சொல்லாமலே எடுத்துவிடலாம். பெட்டி விழும்போது உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் மேல் அடி விழுகிறது. பார்சல் தொழிலில் பரவலாகப் பயன்படும் ஐஎஸ்டிஏ 1ஏ என்ற சோதனையில் 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து 10 முறை போடுவார்கள், ஒரு மூலையில், மூன்று விளிம்பில், ஆறு பக்கத்திலும். ஒருவர் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி கை நழுவினால் ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் விழும். அப்படி விழும் கோப்பை அரை செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால் அதன் எடையைப் போல ஏறத்தாழ 150 மடங்கு விசை அதன் மேல் வருகிறது. அடியில் இருக்கும் மெத்தை 5 செ.மீ. அழுந்திக் கொடுத்தால் அது 15 மடங்காகக் குறைந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. ஆக மெத்தை அழுந்த வேண்டும், ஆனால் அழுந்திய பிறகு பொருள் ஆடும்படி இடம் விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் வண்டிப் பயணம் என்பது ஒரே ஒரு விழுதல் கிடையாது, மணிக்கணக்கான குலுக்கல்.

கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இன்னொரு குணம் உண்டு. கண்ணாடி கோட்பாட்டளவில் தாங்க வேண்டிய விசையைவிட மிகக் குறைந்த விசையிலேயே உடைந்துவிடுவது ஏன் என்று ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-ல் விளக்கினார். மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களின் நுனியில் விசை குவிகிறது, விரிசல் அங்கிருந்து ஓடுகிறது. வீட்டுச் சாமானுக்கு இதன் பொருள் என்னவென்றால், டம்ளரோடு டம்ளர் உரசுவதே ஒரு சேதம்தான், அன்று உடையாவிட்டாலும் அடுத்த அடிக்கு அது தயாராகிவிடுகிறது. அதனால் இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுவதை நான் விட்டுவிட்டேன். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையையும் விரல் நகத்தால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. நல்ல பீங்கான் மணி போல ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கி வரும். மழுங்கியவற்றைத் தனியாக, கூடுதல் மெத்தையோடு கட்டலாம், அல்லது கொண்டுபோகத்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

எதில் சுற்றுவது

சமையலறைச் சாமான்களுக்கு என் முதல் தேர்வு அச்சடிக்காத வெற்றுத்தாள், அதாவது செய்தித்தாள் அச்சடிக்கும் அதே மெல்லிய தாள், மை இல்லாமல். கசக்கினால் அது ஆயிரம் சின்ன மடிப்புகளாகி ஸ்பிரிங் போல நிற்கிறது. கோப்பையின் உள்ளே, கைப்பிடியின் வளையத்துக்குள், இரண்டு தட்டுகளுக்கு நடுவே என்று எந்த வடிவத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும், பப்பிள் ராப்பால் அது முடியாது. குறை என்னவென்றால் நிறையத் தேவைப்படும். ஒரு கோப்பைக்கு இரண்டு மூன்று தாள் போய்விடும், பெட்டியின் அடியில், நடுவில், மேலே என்று போடுவதற்குத் தனியாக வேண்டும், நாம் நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு வாங்கினால்தான் பாதியில் நிற்காமல் இருக்கும். அழுந்திய தாள் முழுதாக நிமிராது என்பதும் உண்மை, அதனால்தான் தாளைத் திணிக்கும்போது கையால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் இன்னும் ஒரு பிடி சேர்க்க வேண்டும்.

பழைய செய்தித்தாள் இதே வேலையைச் செய்யும், காசும் இல்லை. ஆனால் மை ஒட்டும். பளபளப்பான கண்ணாடியிலும் மெருகிட்ட பீங்கானிலும் ஒட்டினால் கழுவிவிடலாம். மெருகிடாத மண்பாண்டம், மரத்தில் செய்த பொருள், துணி விளக்குக்கூடு, வெள்ளை நிறச் சுடுமண் சிலை போன்றவற்றில் ஒட்டினால் உள்ளே ஊறிவிடும், போகாது. என் யோசனை, பொருளைத் தொடும் முதல் சுற்று வெற்றுத்தாளாக இருக்கட்டும், இடம் நிரப்புவதற்குச் செய்தித்தாளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பப்பிள் ராப்புக்கு வருவோம். 1957-ல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷாவன் என்ற இருவர் நியூஜெர்சியில் சுவரில் ஒட்டும் புதுமாதிரித் தாள் ஒன்றைச் செய்யப்போய் உருவானது இது. சுவருக்கு அது எடுபடவில்லை, பிறகு ஐபிஎம் தன் 1401 கணினிகளை அனுப்பும்போது சுற்றிக் கொடுத்த பிறகுதான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. இந்தக் கதையில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது: இது கனமான, ஒழுங்கற்ற வடிவமுள்ள, மேல்பரப்பு கீறக்கூடாத ஒற்றைப் பொருளுக்கு மிக நன்றாகப் பொருந்தும். பூச்சாடி, மேசை விளக்கின் அடிப்பாகம், சிலை, மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டு, இவற்றுக்கெல்லாம் நான் யோசிக்காமல் பப்பிள் ராப்தான் எடுப்பேன். சின்னக் குமிழ் லேசான பொருளுக்கும், பெரிய குமிழ் கனமான பொருளுக்கும் இடம் அடைப்பதற்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சின்னக் குமிழ் ஒன்றின் உயரம் வெறும் 5 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஒரு சுற்றுப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு என்று நம்பினால், மேலே சொன்ன கணக்கின்படி அரை செ.மீ. நிறுத்தத் தூரம் மட்டுமே கிடைக்கிறது. குமிழ்ப் பக்கம் உள்ளே பார்க்கும்படி சுற்றினால் பொருளின் வளைவுக்கு ஏற்ப அணைந்துகொள்ளும், வெளியே வழவழப்பான பக்கத்தில் டேப்பும் நன்றாக ஒட்டும்.

பப்பிள் ராப்பை எடுக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. வண்ணம் தீட்டிய ஓவியம், பளபளப்புப் பூச்சுள்ள மரப்பொருள், பழைய புகைப்படம், டிவித் திரை, இவற்றின் மேல் குமிழ் நேரடியாக அழுந்தினால் வட்ட வட்டமாகத் தடம் விழும், வெயிலில் வண்டி நின்றால் இன்னும் மோசம். நடுவில் ஒரு தாளோ மெல்லிய பருத்தித் துணியோ வேண்டும். பெட்டியை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைக்கப் போகிறீர்கள் என்றாலும் பப்பிள் ராப் சரிப்படாது, எடையின் கீழே காற்று மெல்ல வெளியேறும், பிளாஸ்டிக்குக்குள் ஈரமும் தங்கும். அப்புறம் ஒன்று. தட்டுகளை அடுக்காக வைத்து மொத்தமாகப் பப்பிள் ராப்பில் சுற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், வெளியே மெத்தென்று இருக்கும், உள்ளே தட்டோடு தட்டு மோதிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இருக்கும் துணிகளையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். நல்ல யோசனைதான், ஒரு எல்லைக்குள். துண்டு, போர்வை, குளிருக்குப் போடும் கம்பளி ஆடைகள் எல்லாம் எப்படியும் வரத்தான் போகின்றன, அவற்றைப் பெட்டியின் அடியிலும் மேலேயும் பக்கங்களிலும் வைத்தால் இடமும் மிச்சம், காசும் மிச்சம். தடித்த காலுறைக்குள் சின்ன டம்ளரை விட்டால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் துணி கனமானது, ஒரு பெட்டி சீக்கிரமே தூக்க முடியாத எடைக்குப் போய்விடும், கனமான பெட்டியைத்தான் கைகள் சீக்கிரம் கீழே போடும். இன்னொன்று, மெல்லிய பருத்தித் துணி அழுந்தினால் அழுந்தியபடியே கிடக்கும், கொஞ்ச தூரம் போனதும் பெட்டிக்குள் இடம் விட்டுப்போகும். அதனால் துணியை வெளிச்சுற்றாகவும், பொருளைத் தொடும் சுற்றைத் தாளாகவும் வைத்துக்கொள்கிறேன். உடைந்தால் சில்லு துணிக்குள் போய்ச் சிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், குழந்தையின் உடைகளை இதற்குப் பயன்படுத்தவே மாட்டேன்.

ஃபோம் ஷீட் என்கிற மெல்லிய வெள்ளை விரிப்பு, தட்டுகளுக்கும் கண்ணாடிப் பலகைகளுக்கும் நடுவே வைக்க அருமையாக இருக்கும், கீறல் விழாது, தூசு கொட்டாது, திரும்பத் திரும்பப் பயன்படும். மெத்தையாக அது போதாது, பிரிப்புத் தாளாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகோல் பலகை மூலைகளுக்கும் தட்டையான பக்கங்களுக்கும் ஏற்றது. நல்ல அடி ஒன்றை வாங்கி நொறுங்கும், பிறகு பழைய உருவத்துக்குத் திரும்பாது, ஆகவே ஒரு முறை அடி வாங்கிய தெர்மோகோலைத் திரும்பப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. தெர்மோகோல் உருண்டைகளை உதிரியாகக் கொட்டி நிரப்புவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வண்டி குலுங்கக் குலுங்க உருண்டைகள் விலகி, கனமான பொருள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் பெட்டியின் அடிப்பலகையில் போய் உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் நிறைந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

எதில் வைப்பது

சுற்றுவதற்கு இவ்வளவு யோசிப்பவர்கள் பெட்டி விஷயத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அட்டைப்பெட்டியில் மூன்று பிளை, ஐந்து பிளை என்று இரண்டு வகை பொதுவாகக் கிடைக்கும். மூன்று பிளை என்றால் இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளி, ஐந்து பிளை என்றால் இரண்டு நெளி. துணிக்கும் பொம்மைக்கும் மூன்று பிளை போதும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஐந்து பிளைதான், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கடைகளில் இருந்து வாங்கி வந்த பழைய பெட்டி பார்வைக்கு நன்றாக இருக்கலாம், ஆனால் ஒரு முறை நசுங்கிய நெளிவு பலத்தை இழந்துவிட்டது, ஈரம் பட்டிருந்தால் இன்னும் தளர்ந்திருக்கும். மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மெதுவாக உள்ளே போனால் அதில் தலையணை வைக்கலாம், தட்டு வைக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் போடும் அம்புக்குறிக்கு ஒரு காரணம் இருக்கிறது. அட்டையின் நெளிவுகள் செங்குத்தாக, தூண்கள்போல நிற்கும்படிதான் பெட்டி செய்யப்படுகிறது, மேலே அடுக்கும் எடையைத் தாங்குவது அவையும் நான்கு மூலைகளும்தான். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் தூண்கள் படுத்துவிடும். அடுக்கும்போது மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலைக்கு நேராக வராமல் நடுவில் போய் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

பிளாஸ்டிக் கூடைப்பெட்டி நசுங்காது, மழையில் நனைந்தாலும் கவலையில்லை, கைப்பிடி இருக்கிறது, அடுக்க வசதி. அதனாலேயே பலர் அதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அட்டை அடி வாங்கும்போது கொஞ்சம் அமுங்கி அதிர்ச்சியைத் தானும் விழுங்கும், கெட்டியான பிளாஸ்டிக் அதைச் செய்யாது, அடி முழுவதும் உள்ளே போகும். அதன் பக்கங்கள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் மூலைகளில் ஆப்பு வடிவத்தில் இடம் விட்டுப்போகும். பக்கத்துத் தெருவுக்கு மாறுகிறீர்கள், கூடையை நீங்களே கையில் தூக்கிப் போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். வண்டியில் நீண்ட தூரம் போகிறது என்றால் ஐந்து பிளை அட்டைப்பெட்டியே மேல்.

தடுப்பறைகள் வைத்த பெட்டி ஒரே அளவு டம்ளர்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். அறையைவிடச் சின்ன டம்ளர் என்றால் சுற்றிலும் தாள் திணிக்காமல் வைக்கக் கூடாது.

அடுக்கும் முறை எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒன்றுதான். அடியில் டேப்பை நடு இணைப்பின் மேலும் இரு ஓரங்களிலும் ஒட்ட வேண்டும், ஒரே ஒரு கோடு டேப்பை நம்பித் தூக்கிய பெட்டி அடி திறந்து கொட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு கை உயரத்துக்குக் கசக்கிய தாள். அதன் மேல் கனமானவை, தட்டுகளை நிமிர்த்தி, அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல. தட்டைப் படுக்க வைத்து அடுக்கினால் மேலே உள்ள அத்தனை எடையும் ஒவ்வொரு குலுக்கலிலும் அடித்தட்டின் நடுவில் வந்து இறங்கும், நிமிர்ந்த தட்டு தன் எடையை மட்டும் தாங்கினால் போதும். அதற்கு மேல் கிண்ணங்கள், கோப்பைகள். மேல் அடுக்கில் டம்ளர்கள், நிற்க வைத்து, படுக்க வைக்காமல். தண்டுள்ள கோப்பை என்றால் தண்டைச் சுற்றித் தாளைப் பருமனாகச் சுற்றி வாயகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு முழுதையும் சுற்ற வேண்டும். மூடியுள்ள பாத்திரத்தின் மூடியைத் தனியாக. ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்ட நான் விடுவதில்லை. மூடும் முன் பெட்டியை மெல்ல ஆட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள், சின்னச் சத்தம் வந்தாலும் திறந்து இன்னும் தாள் திணியுங்கள். ஜாடியை இழந்த அன்று இந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை.

நீங்களா, ஆட்களா

இதுதான் பெரிய முடிவு, இதில் ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஆட்களை விட்டால் உங்களுக்கு மூன்று நான்கு நாள் ஆகும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும், பெட்டியும் தாளும் அவர்களே கொண்டுவருவார்கள், நல்ல அனுபவமுள்ள ஒருவர் தாளில் கோப்பையைச் சுருட்டுகிற வேகத்தைப் பார்த்தால் மரியாதை தானாக வரும். ஆனால் வருபவர்கள் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு முறை வந்த குழு மாலைக்குள் முடிக்கும் அவசரத்தில் தட்டுகளைப் படுக்க வைத்து மொத்தமாகச் சுற்றிவிட்டது, பன்னிரண்டில் நான்கு உடைந்தன. நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது என்று தயங்கிவிட்டேன். தயங்காதீர்கள். உங்கள் சாமான், பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நீங்களே கட்டினால் எந்தக் கோப்பையில் விரிசல் இருக்கிறது, எந்தச் சிலையின் கை ஏற்கெனவே ஒட்டப்பட்டது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். செலவு குறைவு, நேரம் அதிகம். சமையலறையும் வரவேற்பறையும் சேர்த்துக் கண்ணாடி, பீங்கானுக்கு மட்டும் எனக்கு ஒரு முழு நாள் ஆகும், அலுவலகம் முடிந்து வந்து இரவில் கட்டினால் மூன்று இரவு. கடைசி இரவில் களைப்போடு கட்டியவைதான் எனக்கு அதிகம் உடைந்திருக்கின்றன.

இந்த முடிவில் பலர் கவனிக்காத பகுதி இழப்பீடு. பல ஒப்பந்தங்களில், நாமே கட்டி மூடிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டிக்கு வெளியே தெளிவான சேதம் இருந்தால் ஒழிய. காப்பீடு எடுத்தாலும் மூன்று விஷயங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் கட்டிய பெட்டிக்குப் பொருந்துமா? ஒரு செட்டில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் பணமா? மின்சாதனம் வெளியே அடி எதுவும் தெரியாமல் உள்ளே பழுதானால் ஏற்பார்களா? பெரும்பாலும் சங்கடம் இந்த மூன்று இடத்தில்தான் வரும். யார் கட்டினாலும் கட்டுவதற்கு முன் பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மின்சாதனம் என்றால் அது வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்த சின்ன வீடியோ.

நான் இப்போது செய்வது இரண்டுக்கும் நடுவே. விலை கொடுத்தால் திரும்ப வாங்க முடிகிற அன்றாடப் பாத்திரங்களை ஆட்கள் கட்டட்டும், உடைந்தால் பொறுப்பும் அவர்களோடு இருக்கும். டிவி, பெரிய கண்ணாடி, மேசைக் கண்ணாடி போன்ற பெரியவற்றையும் அவர்களிடமே விடுகிறேன், அதற்கான பெட்டியும் மரச்சட்டமும் அவர்களிடம்தான் இருக்கின்றன, தனி ஆளாக என்னால் தூக்கவும் முடியாது. விலை கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதவற்றை நானே கட்டி, முடிந்தவரை என்னோடு கையில் எடுத்துப் போகிறேன். இந்த மூன்றாவது வகை நாம் நினைப்பதைவிடச் சின்னது, எனக்கு ஒரே ஒரு பெட்டிதான் வந்தது.

தனிக் கவனம் கேட்பவை

முகம் பார்க்கும் கண்ணாடியும் ஃப்ரேம் போட்ட படமும் எப்போதும் நிமிர்ந்துதான் பயணிக்க வேண்டும். படுக்க வைத்தால் நடுப்பகுதி தன் எடையிலேயே வளையும், மேலே ஏதாவது வைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கண்ணாடியின் மேல் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவது உடைவதைத் தடுக்காது, உடைந்தால் சில்லுகளை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும், ஃப்ரேமுக்குள் இருக்கும் படம் கிழியாமல் தப்பிக்கும். அதற்காக ஒட்டுவது நல்லதுதான், எளிதாக உரியும் காகித டேப்பாக இருக்கட்டும். இரு பக்கமும் அட்டைப் பலகை, நான்கு மூலைக்கும் தடித்த காப்பு.

மேசைக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை, அது சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு ஐந்து மடங்கு வலுவானது என்று விற்பார்கள், உண்மைதான், நடுவில் அடித்தால். விளிம்பிலும் மூலையிலும் ஒரு சின்ன அடி பட்டாலே முழுப் பலகையும் ஒரே நொடியில் குருணையாக உதிர்ந்துவிடும். மேசையிலிருந்து கழற்றி, விளிம்பு முழுவதும் ஃபோம் பட்டை சுற்றி, தரையில் வைக்கும்போது அடியில் கட்டாயம் போர்வை. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டுகளையும் இப்படியே கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

டிவிக்கு அது வந்த பெட்டியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, இடம் இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இல்லாவிட்டால் மெல்லிய துணி, அதன் மேல் ஃபோம் ஷீட், திரையின் பக்கம் ஒரு கெட்டியான அட்டை, அதன் மேல் பப்பிள் ராப், நிமிர்த்தி வைத்து. திரையைத் தொட்டுத் தூக்காமல் இரண்டு பேர் ஓரங்களைப் பிடித்துத் தூக்க வேண்டும். குளிரான இடத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம், உள்ளே ஈரம் படிந்திருக்கும், அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது கொடுத்த போல்ட்டுகளைத் திரும்ப மாட்டினால்தான் உள்ளே உருளை ஆடாது.

விளக்கு என்றால் பல்ப், கூடு, அடிப்பாகம் மூன்றும் தனித்தனி.

வண்டியில் ஏற்றும்போது உடையும் பெட்டிகளை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் முன்பக்கச் சுவரை ஒட்டி, மெத்தைக்கும் சோபாவுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள், பின் சக்கரத்தைத் தாண்டிய கடைசிப் பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். பெட்டியின் மேலே மட்டும் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும், நான்கு பக்கமும் பெரிதாக எழுத வேண்டும், "கண்ணாடி, மேல் பக்கம் இது" என்று, எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து.

புது வீட்டில் பிரிக்கும்போது தரையில் ஒரு போர்வையை விரித்து அதன் மேல் வைத்துப் பிரியுங்கள், கத்தியை டேப்பின் ஆழத்துக்கு மேல் இறக்காமல். கசக்கிய தாள்களை உடனே குப்பையில் போட்டுவிட வேண்டாம், ஒவ்வொன்றையும் ஒரு முறை விரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு முறை ஒரு சின்ன மூடியைத் தாளோடு சேர்த்து எறியவிருந்தேன், கைக்கு ஏதோ தட்டுப்பட்டதால் தப்பியது.